மணல்மேட்டுத் தெருவில் ஓடிய ஆறு

வாசல் கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டி கழுவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூரை கழுவுகிற ஒரே மனுஷி என்று எனக்குத் தெரிந்தவர் வள்ளிக்கண்ணு அக்காதான். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையை ஒட்டின மணல்மேட்டுத் தெருவில் அவருக்கு ஒரு ஷீட் வீடு. வாரத்துக்கு ஒரு நாள் ஏணி போட்டு ஏறி, தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டுத் தகரத்தைத் தேய்த்து, ஈரத்துணியால் ஒரு முறை, காய்ந்த துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு இறங்குவார். பங்குனி பிறந்தால் அந்தக் கூரைமேல்தான் அவருடைய வடகம் காயும். சாப்பிடுகிற பண்டம் காய்கிற இடம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. வேட்டியை விரித்துத்தானே பிழிகிறீர்கள், கீழே எப்படி இருந்தால் என்ன என்று கேட்டுவிடக் கூடாது. அப்படிக் கேட்ட எதிர்வீட்டு யமுனாவிடம் நான்கு மாதம் பேசவில்லையாம். கடைசியில் யமுனாவும் கூரை கழுவ ஆரம்பித்தார். பிறகு தெருவே கழுவியது. ஏனென்றால் தெருவே வடகம் போட்டது, எடுத்துக்கொள்கிற கடை ஒன்றுதான், அந்தக் கடையில் அக்காவின் பேச்சுக்குத்தான் மதிப்பு.

அக்கா லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிச்சையைக் கட்டிக்கொண்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. பிச்சை கொத்தனாராக இருந்தார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ராக்காவலுக்குப் போகிறார். ராத்திரி விழித்திருக்கிற ஆள் பகலில் தூங்கியாக வேண்டும். பகல் என்றால் திருச்சிப் பகல், அதிலும் தகரத்துக்குக் கீழே. போன வருஷம் கத்திரியில் மத்தியானம் இரண்டு மணிக்கு அவரை எழுப்பப் போன அக்கா, மனுஷன் எழவில்லை என்று கண்டு அலறியிருக்கிறார். உடம்பு நெருப்பாகக் கொதித்தது, வியர்வை ஒரு சொட்டு இல்லை. புத்தூர் பெரியாஸ்பத்திரியில் ஐஸ் வைத்து மூன்று நாளில் மீட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் கேரண்டி இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். இதற்கு மேல் அக்காவின் கதையில் நான் வருகிறேன், அதுவும் வில்லனாக.

என் பெயர் வளவன். செயற்கைக்கோள் எடுக்கிற படங்களைப் பார்த்து ஊரில் எங்கே எவ்வளவு சூடு என்று சொல்வது என் வேலை. திருச்சி சுடுகிறது என்பதை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இளநீர் வெட்டுகிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். ஆனால் எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்துச் சொன்னால்தான் அதற்கு மரியாதை. எங்கள் ஆபீஸ் துவாக்குடியில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடி. மூன்று கம்ப்யூட்டர், ஓர் ஏசி, ரத்தினவேல் சார். சூட்டை ஆராய்கிறவர்களுக்குச் சூடு ஆகாது என்பதால் ஏசி மட்டும் நிற்கவே நிற்காது.

ஒரு தொண்டு நிறுவனம் எங்களை அணுகியது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அவர்களிடம் இருந்தது. கூரைக்கு அடித்தால் வீட்டுக்குள் நாலைந்து டிகிரி குறையும். ஊரிலேயே அதிகம் சுடுகிற பத்துத் தெருக்களைக் காட்டுங்கள், கத்திரிக்கு முன்னால் அடித்துவிடுகிறோம் என்றார்கள். முன்பு ஓர் ஊரில் நேரில் போய் விசாரித்தபோது எல்லாத் தெருவும் நாங்கள்தான் அதிகம் வேகிறோம் என்று சண்டைக்கு வந்ததால், இந்த முறை செயற்கைக்கோள் சொல்வதுதான் கணக்கு, மனுஷன் சொல்வது கணக்கில்லை என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

நான் படம் போட்டேன். அழகான படம். சுடுகிற இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம். மலைக்கோட்டைப் பிள்ளையார் செக்கச்செவேலென்று வெந்துகொண்டிருந்தார். வற்றிப்போன கொள்ளிடத்து மணல் அவரைவிட மோசம். அரங்கநாதர் தென்னந்தோப்புகளுக்கு நடுவே படுத்திருந்ததால் சுமாராகத் தப்பித்தார். காவிரியில் மிச்சமிருந்த தண்ணீர் நீலக் கோடாக ஓடியது. அதே நீலத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு சின்னத் திட்டு. ஏதாவது குளமாக இருக்கும் என்று நினைத்து மேலே போய்விட்டேன். அங்கே நூற்றுச் சொச்சம் வீடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது என்பதைப் பார்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை நான் செலவு செய்யவில்லை.

தெருக்களின் பெயரை ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு அறிவித்தார்கள். தொண்டு நிறுவனத்து அஃப்ஷீன் முதலில் பெயிண்டைப் பற்றி விளக்கினார். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றதும், முன்வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் எழுந்து, அந்தப் பெயிண்டு மேல் வடகம் காயுமா என்று கேட்டார். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். காயாது, கூரை சுடவே சுடாது, அதோடு பெயிண்ட் சுண்ணாம்பு மாதிரி ஒட்டும், உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்று அஃப்ஷீன் பொறுமையாகச் சொன்னார். அம்மாள் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பிறகு நான் படத்தைத் திரையில் போட்டுப் பத்துத் தெருக்களை வாசித்தேன். மணல்மேட்டுத் தெரு இல்லை. அந்த அம்மாள் மறுபடி எழுந்து, தன் தெரு எங்கே என்று கேட்டார். நான் குச்சியால் நீலத் திட்டைக் காட்டினேன். இந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்றார். தண்ணீர் அளவுக்குக் குளிர்ச்சி என்றேன்.

"எங்க தெருவுல எப்பங்க தம்பி ஆறு ஓடுச்சு?"

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து. அந்த அம்மாள்தான் வள்ளிக்கண்ணு அக்கா. அவர் சிரிக்கவில்லை. மேடையருகே வந்து, கோபப்படாமல், போன வருஷக் கதையை முழுக்கச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, மத்தியானம் ஒரு மணி நேரம் என் வீட்டில் வந்து உட்காருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் நானே ஒத்துக்கொள்கிறேன் என்று கூப்பிட்டார். உட்காருவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. வந்து அளந்து பார்க்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சூடு பார்க்கும் துப்பாக்கியோடு போனேன். கொரோனா சமயத்தில் எல்லார் நெற்றியிலும் நீட்டினார்களே, அதன் பெரிய அண்ணன். தெரு முழுக்கக் கூரைகள் கண்ணாடி மாதிரி மின்னின. பழைய கீற்றுக் கொட்டகைகள் ஒரு தீவிபத்தில் போனபின் மூன்று வருஷத்துக்கு முன் போட்ட ஷீட் என்றார்கள். பார்த்தால் நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. ஏணியில் ஏறி, அக்கா வீட்டுக் கூரைக்கு நேராகத் துப்பாக்கியைப் பிடித்தேன். இருபத்தொன்பது டிகிரி. இரண்டாவது தடவை, இருபத்தெட்டு. எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. பார்த்தீர்களா அக்கா, மிஷின் பொய் சொல்லாது என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு, சௌகரியமாக இடது கையை முழங்கை வரை கூரைமேல் ஊன்றினேன்.

அப்புறம் நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. யமுனாவுக்கு ஞாபகம் இருக்கிறது, இன்றுவரை நடித்துக் காட்டுகிறார். ஏணியிலிருந்து பாதி இறங்கி, மீதி விழுந்தேன். அக்கா ஓடிவந்து கையில் தோசைமாவை அப்பினார். அந்த வேதனையிலும் துப்பாக்கியை விடாமல் பிடித்திருந்தேன், அந்த அளவுக்குத் தொழில் பக்தி உண்டு. கை எரிச்சல் அடங்கியதும் மறுபடி ஏறினேன். இப்போது கூரையில் விரித்திருந்த வேட்டிக்கு நேராகப் பிடித்தேன், முந்தின நாள் பிழிந்து மொறுமொறுவென்று காய்ந்த வடகத்தின் மேல். ஐம்பத்தெட்டு. ஒரு சாண் தள்ளி வெறும் தகரம், இருபத்தொன்பது. மறுபடி வடகம், ஐம்பத்தெட்டு.

புரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஏனென்றால் இது கல்லூரியில் இரண்டாம் வருஷப் பாடம். பளபளவென்ற உலோகம் எவ்வளவு கொதித்தாலும் தன் சூட்டை வெளியே விடாது, மேலே இருக்கிற குளிர்ந்த வானத்தைத்தான் திருப்பிக் காட்டும். துப்பாக்கியும் ஏமாறும், செயற்கைக்கோளும் ஏமாறும். துருப்பிடித்து அழுக்கேறின தகரம் உண்மையைச் சொல்லிவிடும். அதனால்தான் ஊரில் மற்ற ஷீட் தெருவெல்லாம் படத்தில் சிவப்பாக விழுந்திருந்தது. இந்தத் தெரு மட்டும் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஆறாகிவிட்டது.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று விழித்துவிட்டு, கடைசியில் அப்படியே சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார்.

"அப்ப பெருமாளோட பொன் விமானத்தையும் உங்க படம் ஃபிரிட்ஜுனு சொல்லுமா?"

அது உங்கள் தெரு அளவுக்குப் பெரிதாக இருந்தால் சொல்லும் என்றேன். அவருக்கு அது ஓர் ஆறுதல்.

ரத்தினவேல் சார் என் கதையை முழுக்கக் கேட்டார். நீ சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டார். ஆனால் வடகத்தை வைத்துப் போட்ட கணக்கை அறிக்கையில் எப்படி எழுதுவது என்று கேட்டார். நேரில் எடுத்த அளவு செல்லாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அறிவித்த பட்டியலில் திருத்தம் செய்ய வெள்ளிக்கிழமை வரைதான் நேரம். வியாழக்கிழமை காலை பத்தரைக்குச் செயற்கைக்கோள் மறுபடி திருச்சிக்கு மேல் போகும், அதில் சிவப்பாக வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், நீலமாக வந்தால் அவர்கள் தலையெழுத்து என்று முடித்துவிட்டார்.

இதைச் சொல்லத்தான் அக்காவுக்கு போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கிற தொனியில் ஆரம்பித்தேன். அவர் குறுக்கே புகுந்து, வடகம் இருந்த இடத்தில் மட்டும் சரியாகக் காட்டியது இல்லையா, அப்படியென்றால் கூரை முழுக்கத் துணி விரித்தால் என்ன காட்டும் என்று கேட்டார். இரண்டாம் வருஷப் பாடத்தை எனக்கு எட்டு மாதம் நடத்தினார்கள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கெல்லாம் நான் மணல்மேட்டுத் தெருவில் இருந்தேன். தெருவில் ஒரு கூரை வெறுமையாக இல்லை. வேட்டி, புடவை, போர்வை, கிழிந்த லுங்கி, பள்ளிக்கூட யூனிஃபார்ம். துணி போதாத வீடுகளில் ஃபிளெக்ஸ் பேனர். காதணி விழாக் குழந்தைகளும், கண்ணீர் அஞ்சலிப் பெரியவர்களும், கும்பிட்ட கையோடு மூன்று கட்சிக்காரர்களும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார்கள். காற்றில் பறக்காமல் மூலைக்கு மூலை செங்கல். அக்கா கீழே நின்று, அந்த மூலையில் தகரம் தெரிகிறது, இந்த மூலையில் தெரிகிறது என்று விரட்டிக்கொண்டிருந்தார்.

பத்தே காலுக்கு மேற்கே ஒரு மேகம் கிளம்பியது. அது மேலே வந்து நின்றால் செயற்கைக்கோளுக்கு மேகம்தான் தெரியும், தெரு தெரியாது. இதை நான் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தேன். சித்திரை வெயிலில், இன்னும் கொஞ்சம் வெயில் கொடு ரங்கநாதா என்று கையெடுத்துக் கும்பிட்ட ஒரே தெரு உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை, நானும் கும்பிட்டேன். மேகம் சமயபுரம் பக்கம் ஒதுங்கிப் போயிற்று.

அடுத்த நாள் படம் வந்தபோது அந்தத் திட்டு ரத்தச் சிவப்பு, மலைக்கோட்டையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. எட்டு நாளில் ஒரு தெரு எப்படி இவ்வளவு சூடாகும் என்று ரத்தினவேல் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கூரையைக் கழுவுவதை நிறுத்திவிட்டார்கள் சார் என்றேன். பட்டியலில் மணல்மேட்டுத் தெரு முதல் பெயராகப் போனது, கத்திரி பிறப்பதற்கு நான்கு நாள் முன்னால் பெயிண்ட் அடித்து முடித்தார்கள்.

கத்திரி நடுவில் ஒரு மத்தியானம், உள்ளே எத்தனை டிகிரி குறைந்திருக்கிறது என்று அளக்கப் போனேன். தெருவில் பாதிப் பெண்களைக் காணோம். விசாரித்ததில் கொள்ளிடக் கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். போனால், கரைமேல் வரிசையாகக் கட்டில், கட்டில்மேல் வேட்டி, வேட்டிமேல் வடகம். யமுனா ஆட்டை விரட்டிக்கொண்டிருந்தார். அக்கா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, கையில் கம்போடு, வெட்டவெளியில் காக்காய்க்குக் காவல் உட்கார்ந்திருந்தார். முகம் கருத்திருந்தது. காற்றில் மணல் பறந்து வடகத்தில் விழுகிறது, கடைக்காரர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார், பாதி வீட்டில் இந்த வருஷம் போடுவதையே விட்டுவிட்டார்கள் என்று, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

அப்போதுதான் மண்டபத்தில் நாங்கள் சிரித்த அந்த முதல் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. காயாது என்ற பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் அவர் அடுத்த கேள்விக்கு எழுந்திருந்தார். தெரிந்துதான் பெயிண்ட் கேட்டீர்களா அக்கா என்று கேட்டேன்.

"வடகம் எங்கிட்டாவது காஞ்சுக்கும் தம்பி. அவரு தூங்குறதுக்கு வேற எடம் இருக்கா?"

வீட்டை அளக்க அவரே கூட்டிக்கொண்டு வந்தார். கதவை ஓசைப்படாமல் தள்ளினார். மணி இரண்டு. பிச்சை தரையில் பாய் போட்டு, வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் வியர்வை இருந்தது. அக்கா குனிந்து அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் துப்பாக்கியை எடுத்தேன். அதன் பித்தானை அழுத்தினால் பீப் என்று ஒரு சத்தம் வரும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அளந்தது போதும், வெளியே போகலாம் என்று சைகை காட்டினார்.