கத்தி படாத தலை

கட்டுகஸ்தோட்டையில் நான் இருக்கிற வாடகை வீட்டில் கண்ணாடி ஒன்றுதான். அதன் முன்னால் நின்ற நேரத்தில் பாதி சாமி முன்னால் நின்றிருந்தால் மோட்சமே கிடைத்திருக்கும். முப்பத்தெட்டு வயதில் நெற்றி ஏறி உச்சிவரை போய்விட்டது. பெண் பார்க்கப் போன இரண்டு இடத்திலும் "மாப்பிள்ளைக்கு வயசு கூடத் தெரியுது" என்றார்கள்.

கண்டி டவுனில் ஒரு டாக்டர், பின்மண்டையில் மிளகளவு தோல் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து உச்சியில் ஊசியாகப் போட்டார். இது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, வளரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். எனக்கு 'வளரும்' மட்டும்தான் காதில் ஏறியது. பத்து நாளைக்குத் தலையில் கத்தி படக்கூடாது என்றும் சொன்னார்.

ஆறாம் நாள் தெல்தோட்டையில் அப்பா செத்துப்போனார்.

நான் மூத்தவன். மொட்டை போட்டுக் கொள்ளி வைக்க வேண்டியவன். தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் பலகை போட்டு, முடி எடுப்பவர் காத்திருந்தார். நான் தலையைக் கொடுக்கவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார் என்றேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்கப்பனவிட ஒனக்கு மசுரு பெருசாப் போச்சா?"

தம்பி சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவன்தான் கொள்ளி வைத்தான். நான் கூட்டத்தோடு நின்றேன்.

அதையாவது மன்னிக்கலாம். பதினாறாம் நாள் கருமாதிக்குள் டாக்டர் சொன்ன கெடு முடிந்துவிட்டது. "இப்பவாச்சும் எடுத்துருண்ணே" என்று தம்பி கெஞ்சினான். அன்று காலையில் உச்சியில் பூனைமுடி மாதிரி ஏதோ தெரிந்தது. தெரிந்ததோ, நானே நினைத்துக்கொண்டேனோ. மாட்டேன் என்றுவிட்டேன். சீ, நானும் ஒரு பிள்ளை.

மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். எனக்கு இரண்டும் போனது. தம்பிக்கு மூன்று மாதத்தில் வாரிச் சீவுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. எனக்கு இருந்ததும் உதிர்ந்தது. டாக்டரைக் குறை சொல்லவும் வழியில்லை, அவர் முதல் நாளே சொன்னவர்.

போன வாரம் பாலத்துக்குப் பக்கத்து சலூனுக்குப் போய், ஓரத்தில் மிஞ்சியதையும் மொத்தமாக எடுக்கச் சொன்னேன். பிளேடை மாற்றிக்கொண்டே சலூன்காரர் தணிந்த குரலில் கேட்டார்.

"வீட்ல யாரும் தவறிட்டாங்களாண்ணே?"

"அப்பா" என்றேன்.

"எப்ப?"

ஒன்றரை வருஷமாகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. குனிந்து தலையைக் கொடுத்தேன்.