குடியேற்றக்காரராகிய நாங்கள்

எனக்கு எழுத்து நேராக வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில், மார்க்கம் நகரில் எங்கள் முதியோர் சங்கக் கூட்டம் தொடங்கமுன், இந்த நிலம் பூர்வகுடி மக்களுடையது என்று ஒரு பந்தி வாசிப்பார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பதால் தேத்தண்ணியை நினைத்துக்கொண்டு எல்லோரும் தலையாட்டுவோம். போன வருஷம் பூர்வகுடிப் பெண்மணி ஒருவர் பேச வந்தார். செயலாளர் அந்தப் பந்தியைத் தமிழில் எழுதி என் கையில் தந்துவிட்டா. நான் மைக்கைக் கண்டால் கதவுப்பக்கம் நகருகிறவள்.

"அன்ரி ஒருநாளும் கதைக்கிறேல்லை. இண்டைக்காவது குரலைக் கேப்பம்" என்றா.

முதல் வரி வந்தது. இரண்டாவது வரி, "குடியேற்றக்காரராகிய நாங்கள்" என்று தொடங்கியது. நாக்கு நின்றுவிட்டது. இலங்கையில், ஊரில் எங்கள் காணிகளில் அரசாங்கம் வெளியாட்களைக் கொண்டுவந்து இருத்தியதைத்தான் நாங்கள் குடியேற்றம் என்போம். அந்தச் சொல்லை எங்களுக்கே எப்படி வைப்பது?

முன்வரிசையில் ஒரு அண்ணை எழும்பினார். "உதை வெட்டுங்கோ. குடியேற்றக்காரர் வெள்ளைக்காரர். நாங்கள் அகதியள்."

"அகதிக்கு யூனியன்வில்லில நாலு அறை வீடோ?" என்றா அவருடைய மனைவி.

எல்லோரும் சிரித்தார்கள். நான் தாளால் முகத்தை மறைத்தேன்.

விருந்தாளி என்ன சண்டை என்று கேட்டா. செயலாளர் விளங்கப்படுத்த, அவவும் சிரித்துவிட்டுத் தங்கள் கதையைச் சொன்னா. ரொறொன்ரோ ஏரிக்கரையைத் தங்களிடம் வாங்கியதாக வெள்ளைக்காரர் காட்டிய காணி உறுதிப் பத்திரம் ஒன்றும் எழுதாத வெறும் தாளாம். தலைவர்களின் கையெழுத்துக் குறிகளை வேறு துண்டுகளில் வாங்கி அதில் ஒட்டியிருந்தார்களாம்.

வேலி எல்லைக்காகப் பதினொரு வருஷம் ஊரில் வழக்காடியவர் அந்த அண்ணை. அவருக்குத் தாங்கவில்லை. "வெறும் உறுதியோ? அதை வைச்சு ஒரு கோழிக்கூடு போடேலாது. உவங்கள் ஊரையே கட்டிப்போட்டாங்கள்."

"இவரும் வந்த புதுசில போன் கொம்பனிக்கு வெறும் பேப்பரிலதான் கையெழுத்து வைச்சவர்" என்றா மனைவி.

"நீர் சும்மா இரும்."

பிறகு விருந்தாளி, அவர்களுடைய தலைவர் ஒருவரை இதே ஏரிக்கரையில் ஒரு சிப்பாய் அடித்துக் கொன்றதைச் சொன்னா. வழக்கு நடந்ததாம். சாட்சி இல்லையென்று சிப்பாயை விட்டுவிட்டார்களாம்.

அண்ணை மெதுவாகக் கதிரையில் இருந்தார்.

"இங்கயும் சாட்சி இல்லையெண்டு விட்டவங்களோ," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வாசியுங்கோ தங்கச்சி."

"எந்தச் சொல்லைப் போட்டு, அண்ணை?" மைக் வாயருகில் இருந்ததால் மண்டபமே அதிர்ந்தது.

"இருக்கிற சொல்லையே வாசியுங்கோ."

வாசித்தேன். பதற்றத்தில் வரி மாறி, "குடியேற்றக்காரராகிய நாங்கள்" என்பதை இரண்டுதரம் வாசித்துவிட்டேன். ஒருவரும் திருத்தவில்லை.

அந்தத் தலைவரின் பெயரையும் அவருடைய மக்களின் பெயரையும் என் காதில் விழுந்தபடி எழுதப் பயந்து, எழுதாமலே விட்டிருக்கிறேன். உறுதியையும் வழக்கையும் பற்றி நான் எழுதியது சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.