முனகிய டம்ளர்கள்

“இன்னாடி, நம்ம வூட்டுல யாரு பாடிக் கிழிச்சாங்க? உனுக்குக் கிட்டாரு கேக்குதா?” என்று அத்தை ஒருமுறை சிரித்தாள். ஒரகடத்தில் எங்கள் கம்பெனி குடும்பங்களையும் அழைத்திருந்த ஆயுத பூஜையன்று, நான் வாசிப்பதைக் கேட்க அதே அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்; அவள் எதிரே அபஸ்வரமாக வாசித்துவிடக் கூடாது. ஆனால் கிட்டாரில் மாட்டியிருந்த, சுருதி காட்டும் டியூனரின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஒரு கம்பியைத் தட்டினால் மற்றவையும் கூடவே முனகின.

அந்த முனகல் எனக்குப் பழக்கம். பென்னலூரில் எங்கள் தகரக்கூரை வீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப் இருந்தது. மெஷின் ஓடினால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் முனகும். “ரேடியோல இன்னா சொல்றான்னே தெர்லமே!” என்று அப்பா கத்துவார். புளிக்கரைசல் வாசத்தோடு அம்மா வந்து டம்ளர்கள் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள்.

“இப்ப கேளுய்யா.”

செய்தி தெளிவாகக் கேட்கும்.

“என்னம்மா, ஆரம்பிக்கலாமா?” என்றார் சூப்பர்வைசர்.

மற்ற கம்பிகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு ஒன்றை மட்டும் மெல்லத் தட்டினேன். முள் ஆடாமல் நின்றது. ஒவ்வொன்றாக எல்லாக் கம்பிகளையும் சுருதி சேர்த்தேன்.

“இதோ சார்” என்றபோது மைக் முன்னால் போய் நின்றிருந்தேன்.