ரயில்வே கேட்டில் நின்ற காரும் வந்து தள்ளிய தாயும்

அம்மனை நம்பும் அன்பர்களே, எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். சுனாமி வந்ததற்கு முந்தின வருஷம் நடந்தது.

என் பிழைப்பு ஒரு பழைய பெட்ரோல் கார். முதலியார்பேட்டையிலிருந்து ஆறு பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போவேன். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து வண்டி ஓடும்போதே நின்றது. கால் மணி நேரம் ஓடும், இருமும், நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் கிளம்பும். மெக்கானிக் பிளக் மாற்றினார். கையில் காசு வந்த பிறகு பாயிண்ட் மாற்றினார். அப்புறம் கார்பரேட்டரைக் கழுவினார். எதற்கும் அடங்கவில்லை.

"அண்ணே, இன்னொரு வாட்டி நின்னா நாங்க வேற வண்டி பாத்துக்குறோம்" என்று ஒரு பிள்ளையின் அப்பா சொல்லிவிட்டார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி அம்மன்தான். ஆயுத பூஜையன்று செய்ததுபோலவே வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைக் கழுவி, பானட், சக்கரம், பெட்ரோல் மூடி எல்லாவற்றிலும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தேன். நிற்க நிற்க, இன்னும் தடிமனாக அப்பினேன்.

ஒரு நாள் காலை ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. உள்ளே ஆறு பிள்ளைகள். கேட்காரர் விசில் ஊதுகிறார். தூரத்தில் ரயில் சத்தம். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உயிரே இல்லை. ஸ்டியரிங்கை விட்டுக் கைகூப்பி, "தாயே, புள்ளைங்க தாயே!" என்று கத்தினேன்.

வைத்திக்குப்பத்து மீன்காரம்மா ஒருவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யோவ்! சாமிய அப்பறம் கும்புடு. கியர எடுத்துட்டு ஸ்டியரிங்கப் புடி!"

சைக்கிளில் வந்த இரண்டு பேரையும் அதட்டிக் கூப்பிட்டுத் தள்ளினார். வண்டி தாண்டியது. கேட் இறங்கியது. ரயில் போனது. பிள்ளைகளை எண்ணினேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன்.

"அழுவுறியே, பெட்ரோலு இருக்குதான்னு பாத்தியா?" என்றார்.

அவர் சொன்னதற்காக மூடியைத் திறந்தேன். டேங்க் 'புஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு. கிளம்பிவிட்டது!

பிள்ளைகளை விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் ஓடினேன். மூடியைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னாண்ணே இது! காத்து போற ஓட்டைய சந்தனத்தால அடச்சி வச்சிருக்கீங்க. காத்து உள்ள போனாத்தான் பெட்ரோலு எஞ்சினுக்கு வரும். நானும் ஒரு மடையன், மூடியப் பாக்கல." ஊசியால் குத்தினார். அவ்வளவுதான் வைத்தியம்.

நான் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அடைத்தது என் கை. பக்தி என்று நினைத்து அடைத்திருக்கிறேன். ஆறு உயிர்!

அன்று சாயங்காலமே ஆறு வீட்டிலும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். ஒரு வீட்டில் பிள்ளையை நிறுத்திக்கொண்டார்கள். அது நியாயம். மற்ற ஐந்து பேரும் பள்ளிப்படிப்பு முடியும்வரை என்னோடுதான் வந்தார்கள். வண்டி அதன் பிறகு வழியில் நின்றதில்லை.

என் பிழையோடு என்னைக் காத்தாள் தாய். அவளைக் கூப்பிட்டேன், மீன் வாடையோடு வந்தாள், திட்டினாள், தள்ளினாள். நீங்களும் கூப்பிடுங்கள். யார் உருவில் வந்தாலும், அவள் சொல்வதை உடனே செய்யுங்கள்.