கலக்காமல் குடித்த கூழ் சோடா

போன வாரம் ஒரு பெண்ணின் ஆறு மாத உழைப்பை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வந்தேன். அதற்காக எனக்குச் சால்வை வேறு போர்த்தினார்கள்.

ஓசூரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் முனிராஜ், தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கேன்டீன் கமிட்டிச் செயலாளர். "புதுசா ஒரு கூல்டிரிங்க் வந்திருக்குது சார். கமிட்டில ரெண்டு பேரு டேஸ்ட் பாக்கறோம். பத்திரிகைல எழுதறவரு நீங்க, வந்து ஒரு வார்த்தை சொன்னா வெயிட்டா இருக்கும்" என்றார். எனக்கும் கூல்டிரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. மேடை என்றால் போய்விடுவேன்... அது கேன்டீன் மேஜையாக இருந்தாலும்.

தயாரித்தவர் மஞ்சுளா, மூக்கண்டப்பள்ளிக்காரர். அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருந்தவர். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருக்கிறார். கோடை முழுக்க மூன்று ஷிஃப்டுக்கும் சப்ளை செய்ய ஆர்டர் கிடைத்தால் தொழில் நிலைக்கும். கிடைக்காவிட்டால் மறுபடியும் லைனில் போய் நிற்க வேண்டியதுதான்.

சரக்கு என்ன? ராகிக் கூழ், எலுமிச்சை, கேஸ் — மூன்றும் ஒரே கண்ணாடி பாட்டிலில். கூழ் சோடா. லேபிளில் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் கன்னடம். மேலே வெளிறிய தண்ணீர், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. நல்ல ஒயினை அசைக்காமல் சாய்த்து ஊற்ற வேண்டும், அடியில் தங்கும் வண்டலைக் கிளாஸில் விழவிடக் கூடாது என்று எங்கோ படித்திருக்கிறேன். ஒயின் குடித்ததில்லை. படித்ததோடு சரி.

பாட்டிலைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திச் சாய்த்தேன். மஞ்சுளா பாதி எழுந்து, "சார், அத ஒருவாட்டி அப்படியே..." என்று ஆரம்பித்தார்.

நான் கையை உயர்த்தினேன். "இரும்மா. முதல்ல நாக்கு பேசட்டும்."

நாக்கு பேசியது. "வாசனை வருது, வஸ்து வரலை. கூழுங்கற பேருதான் இருக்கு, கூழைக் காணோம்." முனிராஜ் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அவரும் இன்னொரு கமிட்டிக்காரரும் என்னைப் போலவே பாட்டிலைப் பதமாகச் சாய்த்து, என்னைப் போலவே உதட்டைப் பிதுக்கினார்கள். அடியில் இருந்ததை எழுந்து போய் வாஷ்பேசினில் கொட்டினேன். அவர்களும் கொட்டினார்கள். பிறகு சால்வை. மஞ்சுளாவும் கைதட்டினார்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பாட்டிலை என் மனைவி கையில் எடுத்தார். ராகி விளையும் அஞ்செட்டிப் பக்கத்துக்காரர். மூடியைத் திறக்காமலே பாட்டிலைத் தலைகீழாக ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினார். பழுப்பு மேகம் போலக் கிளம்பி, பாட்டில் முழுக்க ஒரே நிறமானது.

"என்ன பண்ற?"

"கூழைக் கலக்காம யாருங்க குடிப்பாங்க? குலுக்குனா பொங்கிடும்னு பதமா கவுக்கச் சொல்லி லேபிள்லயே போட்டிருக்கே."

படிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவன் லேபிளைப் படிக்கவில்லை.

ஒரு வாய் குடித்தேன். முதலில் எலுமிச்சை, அடுத்து மூக்கில் ஏறும் கேஸ், அதன் பின்னால் நிதானமாக வந்து தொண்டையில் உட்காரும் கூழின் புளிப்பு. நன்றாக இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு அவமானமாக இருந்தது.

முனிராஜுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"எங்களுக்கும் அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு சார்" என்றார்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்க அவ்ளோ பதமா ஊத்துனீங்க. இது ஏதோ வேற முறை போலன்னு நெனச்சோம்."

தினமும் ராகிக் களி சாப்பிடுகிறவர்கள். கூழை எப்படிக் குடிப்பது என்று அவர்களுக்கு நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்! தெரியாதவன் தயங்கினால் நஷ்டம் அவனோடு போகும். தெரியாதவன் தன்னம்பிக்கையோடு செய்தால்... ஒரு கமிட்டியே கூடச் சேர்ந்து செய்யும்.

மறுநாள் காலை மூக்கண்டப்பள்ளிக்குப் போனேன். மஞ்சுளா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் மனதுக்குள் தயார் செய்துகொண்டு போன நீளமான மன்னிப்பு. முழுக்கக் கேட்டுக்கொண்டார். ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"பரவால்ல சார். முனிராஜ் அண்ணா ராத்திரியே போன் பண்ணிட்டாரு. புதன்கிழமை மறுபடியும் டேஸ்ட் பாக்கறாங்களாம்."

அப்பாடா என்றிருந்தது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். "என்னால ஆகற உதவி ஏதாவது இருந்தா சொல்லும்மா. பத்திரிகைல எழுதட்டுமா? கமிட்டிகிட்ட நானே வந்து பேசட்டுமா?" என்றேன்.

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மனசு நோகக்கூடாதே என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"புதன்கிழமை மட்டும் உங்களுக்கு வெளியூர்ல ஏதாச்சும் வேலை இருந்தா நல்லாருக்கும் சார்."