ஒரே விலைக் கடை

இலுப்பூர் சந்தைக்குப் போகிற வழியில் 'சூசைமேரி, பி.ஏ.' என்று பலகை மாட்டிக் கடை திறந்தது 1958இல். பலகையில் இன்னொரு வரியும் இருந்தது: 'ஒரே விலை'. பி.ஏ.வை ஊர் மன்னித்துவிட்டது. இரண்டாவது வரியைத்தான் மன்னிக்கவில்லை.

அந்த வரி அவளுக்குக் கல்லூரியில் ஒட்டிக்கொண்டது. புதுக்கோட்டையில் அவள் பொருளாதாரம் படித்த கல்லூரியில் மாணவர்களே நடத்துகிற கூட்டுறவுக் கடை ஒன்று இருந்தது. நோட்டு, மை, சோப்பு எல்லாவற்றையும் அவர்களே வாங்கி, அவர்களே விலை வைத்து, அவர்களே விற்க வேண்டும். பிள்ளைகள் வியாபாரம் பழகட்டும் என்று கல்லூரி செய்த ஏற்பாடு. வகுப்பில் பெண் என்று இவள் ஒருத்திதான். முதல் நாளே பையன்கள், "நீங்க பொட்டலம் கட்டுங்க, போதும்" என்றார்கள்.

"பொட்டலம் கட்ட எதுக்குங்க காலேஜு? நான் கொள்முதலுக்குப் போறேன்."

போனாள். திருச்சியில் நாலு மொத்தக் கடை ஏறி இறங்கினாள். எந்தச் சரக்கு ஓடும், எதைக் கூட வாங்கினால் கையைக் கடிக்கும் என்பதெல்லாம் அங்கே பழகியதுதான்; பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. விலையைச் சிலேட்டில் எழுதிக் கடை வாசலில் மாட்டினாள். பிரின்சிபாலுக்கும் அதே விலை, பியூனுக்கும் அதே விலை. அது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதே சிலேட்டு இலுப்பூரில் எடுபடவில்லை. நம் ஜனங்களுக்குப் பேரம் பேசாமல் வாங்கினால் வாங்கின மாதிரியே இருக்காது. எட்டணா என்று சொல்லி ஆறணாவுக்குக் கொடுப்பவன் நல்ல வியாபாரி. ஆறணா என்றே சொல்லி ஆறணாவுக்குக் கொடுப்பவள் திமிர் பிடித்தவள். எதிர்க்கடை நாகராசு, விடாக்கண்டர்களுக்கெல்லாம் கொடாக்கண்டனாக இருந்து சக்கைப்போடு போட்டார். சூசைமேரி ஈ ஓட்டினாள்.

ஆவூரில் வாத்தியாராக இருந்த அப்பா சந்தனராஜ் கெடு வைத்தார். "ஆவூர்த் தேர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கடை நிக்கலேன்னா டீச்சர் வேலைக்குப் போயிரணும். ஒரு பேச்சுக்குக் கூட்டிச் சொல்லிக் கொறைச்சா குடியா முழுகிரும்?"

"வாய் உள்ளவங்களுக்கு ஒரு வெல, வாய் செத்தவங்களுக்கு ஒரு வெலன்னு ஆயிரும்ப்பா. என்னால முடியாது."

தேருக்கு மூன்று சந்தை பாக்கி இருந்தபோது, பெரிய பண்ணை வீட்டுச் சொர்ணவல்லி வில்வண்டியில் வந்து இறங்கினாள். லாந்தர் சிம்னி ஒன்றைக் கையில் எடுத்தாள். நடவு வேலைக்குப் போகும் முனியாயி அப்போதுதான் அதே மாதிரி சிம்னி வாங்கி, உடையாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நாலணா தாரேன்."

"ஆறணாங்க. எழுதிப் போட்ருக்கு."

"எனக்குமா? நான் யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க. முனியாயியையும் தெரியும். அதுவும் ஆறணாதான் குடுத்துச்சு."

"அவளும் நானும் ஒண்ணா?"

"இந்தக் கடையில ஒண்ணுதாங்க."

சிம்னியை வைத்துவிட்டு வண்டி ஏறினாள் சொர்ணவல்லி. நாகராசு தெருவுக்கே கேட்கும்படி, "படிச்சவன் பாட்டக் கெடுத்தான்!" என்றார். சூசைமேரி சிம்னியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். கடை இன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். நினைத்தும், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க மனம் வரவில்லை.

முனியாயி இன்னும் போகவில்லை. "ஏந்தாயி, நெசமாவே அவுகளுக்கும் ஆறணாதானா?"

"ஆமா ஆத்தா."

"அங்கிட்டு நாகராசு கடையில எனக்கு எப்பவும் எட்டணா. வாயத் தொறந்தா வெரட்டுவாக."

அடுத்த சந்தைக்கு முனியாயி தனியாக வரவில்லை. நடவுக்காரிகள் முப்பது பேர் வந்தார்கள். யாருக்கும் எழுத்துத் தெரியாது.

"சிலேட்ட வாசி தாயி. ஊருக்கே கேக்கட்டும்."

சூசைமேரி எதிர்க்கடையைப் பார்த்தபடி, தொண்டை கிழிய வாசித்தாள். அதற்கடுத்த சந்தைக்குக் கூட்டம் தெருவில் நின்றது.

தேருக்கு முந்தின சந்தையன்று, மகளுக்கு வந்த டீச்சர் வேலை உத்தரவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சந்தனராஜ் வந்தார். மகள் கடைதானே என்று பெண்களை விலக்கி உள்ளே நுழையப் பார்த்தார். முனியாயி குறுக்கே கையை நீட்டினாள்.

"வாத்தியாரய்யா, வரிசையில நில்லுங்க. இங்க எல்லாரும் ஒண்ணுதான்."

சந்தனராஜ் போய்க் கடைசியில் நின்றார்.