வெடி இல்லாத சங்கு

ஒன்றுமில்லாத இடத்தில் நின்றுகொண்டு "பாருங்க, பாருங்க" என்று சொல்வதுதான் என் தொழில். சேலத்தை ஒட்டி, வெள்ளைக்கல் வெட்டி மூடிப்போட்ட சுரங்கம் ஒன்றில் நான் சுற்றுலா வழிகாட்டி. வாயை வைத்துப் பிழைக்கும் தோழர்களே, இந்தப் பாடு உங்களுக்குத்தான் புரியும். ஆள் வராவிட்டால் குழியை ஊர்க் குப்பைக்கு விட்டுவிடுவோம் என்று மேலதிகாரி வேறு ஊரறிய மிரட்டியிருந்தார்.

பாயிண்ட்

திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் வந்தார். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர்; நீரோட்டம் பார்த்துக் குறித்துக் கொடுக்கும் இடத்துக்கு அவர் தொழிலில் பாயிண்ட் என்று பெயர். குழியின் விளிம்பில் நிறுத்தி, கையாலேயே கல் வெட்டிய காலம், கூடையில் சுமந்த பெண்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டவர், எட்டிப் பார்த்து நிஜமான அக்கறையோடு விசாரித்தார்:

"இத்தன அகலமாத் தோண்டியும் தண்ணி வல்லீங்களா? பாயிண்ட் பாத்துக் குடுத்தவன் ஆருங்க?"

வெள்ளை மேல் வெள்ளை

ஜலகண்டாபுரத்து மாப்பிள்ளை ஒருவர் கல்யாணத்துக்கு முந்திய போட்டோ எடுக்க வந்தார். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. பின்னால் வெள்ளைப் பாறை, மேலே உச்சி வெயில். கேமராவில் படத்தைப் பார்த்ததும் அலறினார்:

"ஏனுங்ணா, கூலிங் கிளாஸ் மட்டும் நிக்குது, என்னையக் காணமே!"

சங்கு

ஆளை இழுக்க ஏதாவது செய்யவேண்டுமே என்று, பழைய சங்கைப் பழுது பார்த்தேன். பாறைக்கு வெடி வைக்குமுன் அலறுகிற சைரனுக்கு இங்கே சங்கு என்று பெயர். ஊதினேன். வந்திருந்த நாலைந்து பேர் கை தட்டினார்கள். கீழ்த்தெருவிலோ கொடியில் கிடந்த துணியெல்லாம் மறைந்து, கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தத் தெருவுக்குப் பழக்கம் விடவில்லை. வெகுநேரம் கழித்து, முதல் வீட்டுச் சரசக்கா வியர்க்க விறுவிறுக்க ஏறி வந்தார்:

"சங்கு ஊதுனீங்களே, வெடி எங்கீங்க? ஊட்டுக்குள்ள எந்நேரந்தான் பூட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கறது?"

பார்வையாளர்கள்

குழியின் தலையெழுத்தை முடிவு செய்ய மேலதிகாரி வந்த அன்று ஈ காக்கை இல்லை. சங்கையாவது காட்டலாம் என்று ஊதினேன். இந்த முறை தெரு கதவைச் சாத்தவில்லை. சண்டைக்குக் கிளம்பி, சரசக்கா தலைமையில் மொத்தமாக மேலே ஏறிவிட்டது. அதிகாரி முகம் மலர்ந்து, "எல்லாரும் சுரங்கம் பார்க்க வந்தீங்களா?" என்றார். நான் சரசக்காவைக் கெஞ்சலாகப் பார்த்தேன். சரசக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு அவரிடம் திரும்பினார்:

"ஆமாங்க சார், தெனமும் வாரமுங்க. குப்பைய மட்டும் கொண்டாந்து எங்க தலைமேல கொட்டிப்போடாதீங்க."

எதையாவது ஒரேயடியாக முடித்துவிட்டால் 'சங்கு ஊதியாச்சு' என்பார்கள். எனக்கு மட்டும், ஊதிய பிறகுதான் பிழைப்பே ஓடுகிறது.